திரைக்கு முன்னால் ஒரு சாப்பாடு

யாராவது எனக்கு எதையாவது இனாமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். ஆனால் புரட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். இது பிறவிக் குணம் அல்ல, உத்தியோகம் கொடுத்த குணம். சங்கரன்கோவிலில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக என் பாதி ஆயுள் போயிற்று. செத்துப்போனவர் பேரில் கைநாட்டு வைக்க ஆள் பிடித்துக்கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாமனுக்கு விற்ற தோட்டத்தையே மச்சானுக்கும் விற்க வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக, எனக்குக் காப்பி வாங்கித் தர முன்வந்தவர்கள். அதனால் யாராவது காப்பி குடிக்கக் கூப்பிட்டாலே நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

என் மனைவி இதை வியாதி என்பாள். “சாமி நேர்ல வந்து வரம் குடுத்தாலும், நீரு எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளைன்னு விசாரிச்சுட்டுத்தான் வாங்குவாவ” என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்ட என்னை, எண்பதுகளின் கடைசிப் பக்கம், மதுரையிலிருந்து மெட்ராசுக்கு விமானத்தில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒருவர் வந்து நின்றார். அதுவும் சாதாரண இருக்கை இல்லை. முன்பக்கம் சில வரிசைகளைத் தனியாகப் பிரித்து, நடுவே திரை தொங்கவிட்டு, பிசினஸ் கிளாஸ் என்று பேர் வைத்திருந்தார்களே, அங்கே. ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனாலும் பீங்கான் தட்டில் சாப்பாடு போடுவார்களாம். “சாப்பாடு பிரமாதமா இருக்கும் சம்பந்தி” என்றார்.

அவர் சம்பந்தி என்றதும் நான் உஷாராகிவிட்டேன். ஏனென்றால் அவர் இன்னும் எனக்குச் சம்பந்தி ஆகவில்லை.

எனக்கு ஒரே மகள். பி.காம். முடித்துவிட்டு ஊரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மெட்ராசில் ஓர் ஆபீசில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அந்த ஆசையைக் கேட்டுக்கொண்டு வந்ததுபோல வந்தது இந்த வரன். பூர்வீகம் மேலநீலிதநல்லூர்ப் பக்கம். பையன் மெட்ராசில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க அப்பாவும் மகனும், ஊரில் இருந்த அப்பாவின் தங்கையும் வந்தார்கள். “பிள்ளை வேலைக்குப் போவட்டும், எங்களுக்கு அதுல ஒண்ணும் ஆட்சேபம் இல்ல” என்று பையனின் அப்பாவான பெரியவர் சொன்னதும் கதவுக்குப் பின்னால் நின்ற என் மகளின் முகம் பூரித்துவிட்டது. நான் பார்த்தேன்.

பையனின் அம்மா வரவில்லை. கேட்டதற்கு முட்டுவலி, பஸ் ஏற முடியாது என்றார்கள். சொன்னவர் பெரியவர், அந்த நேரத்தில் பையன் குனிந்து தன் கால் விரலைப் பார்த்தான். தனக்கு வரப்போகிற மருமகளைப் பார்க்க, முட்டுவலிக்காரி என்ன, முதுகெலும்பு முறிந்தவள்கூட நாற்காலியோடு தூக்கச் சொல்லி வந்துவிடுவாள். எனக்கு அன்றே ஒரு முள் தைத்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகும் வரை ஒரு வீட்டார் மற்ற வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காப்பி, பலகாரம் கணக்கில் சேராது. இலை போட்டுச் சோறு சாப்பிட்டால் சரி என்று சொன்னதாக அர்த்தம். பிறகு பின்வாங்கினால் அது பேச்சு மாறியதாக ஆகும். அன்று அவர்களும் கேசரியோடு நிறுத்திக்கொண்டு, “இருக்கட்டும், பெறகு நல்லபடியா கை நனைப்போம்” என்று எழுந்துவிட்டார்கள். முறைப்படி நடந்துகொண்டதில் எனக்குத் திருப்திதான். ஆனால் அடுத்தது எங்கள் முறை. நான் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும்.

நான் ரயிலில் போவதாகத்தான் இருந்தேன். அதற்குள் பெரியவர் ஏதோ நிலத்து வேலையாகத் தங்கை வீட்டுக்கு வந்தவர், என் வீட்டு வாசலில் வந்து நின்று, நாளைக்குத் தன்னோடு விமானத்தில் வரலாம் என்றார். டிக்கெட் எல்லாம் பையன் மூலமாக ஏற்பாடு ஆகிவிட்டதாம்.

பெண்ணைப் பெற்றவனை விமானத்தில், அதுவும் முன்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போகும் மாப்பிள்ளை வீட்டுக்காரரை நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டார்தான் ராஜா. பெண்ணைப் பெற்றவன் பஸ்ஸில் நின்றுகொண்டு போவான். ராஜா எதற்கு இறங்கி வருகிறார்? பையனுக்குக் குடிப்பழக்கமா? ஏற்கெனவே ஒரு குடித்தனம் இருக்கிறதா? மெட்ராசில் எனக்குத் தெரிந்த ஒருவரை விட்டு ஏற்கெனவே விசாரித்திருந்தேன். தங்கமான பையன், வேலை நிரந்தரம், சிகரெட்கூடக் கிடையாது என்றே தகவல் வந்தது. அந்தத் தகவல் மேலும் சந்தேகத்தைக் கிளப்பியது. குறையே இல்லாத இன்ஜினியர் பையனுக்கு மெட்ராசில் பெண் கிடைக்கவில்லையா?

கிளம்பும்போது மனைவி, பயத்துக்கும் நோய்க்கும் நல்லது என்று கோயில் புற்றுமண்ணை ஒரு பொட்டலமாகக் கட்டிச் சட்டைப் பையில் போட்டாள். “அங்கன போயி மூஞ்சியை உம்முன்னு வச்சுக்கிடாதீய. நல்ல எடம். கெடுத்துடாதீய” என்றாள்.

மகள் தெரு முனை வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஓடும் தறிச் சத்தத்தில் அவள் பேசியது சரியாகக் கேட்கவில்லை. நின்று, பக்கத்தில் வந்து சொன்னாள்.

“அம்மா சொல்லுதாளேன்னு சும்மா இருந்துடாதீங்கப்பா. நல்லா சந்தேகப்பட்டுட்டு வாங்க. எனக்கும் சேத்துப் படுங்க.”

என் வாழ்நாளில் என் சந்தேகத்துக்கு மரியாதை கொடுத்தது அவள் ஒருத்திதான். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

மதுரை விமான நிலையத்தில் சந்தேகம் என் பக்கம் திரும்பியது. சோதனை போட்ட போலீஸ்காரர் சட்டைப் பையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்தார்.

“என்னய்யா இது?”

“மண்ணு.”

“மண்ணா? பிளேன்ல மண்ணு எதுக்கு?”

“சங்கரன்கோவில் புத்துமண்ணு. ஏறுத பயத்துக்கு வீட்ல குடுத்து விட்டா.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நெற்றியில் பூசிக்கொண்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். இப்படிச் சட்டென்று நம்பிவிடுகிறவர்களைக் காவலுக்குப் போட்டிருக்கிறார்களே என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

விமானம் தாமதம். பெரியவர் உட்காரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், கண்ணாடிக்கு வெளியே பார்ப்பதும், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். வேலை வெட்டி இல்லாத ஓய்வு பெற்ற மனிதருக்கு மத்தியானத்தில் என்ன அவசரம்? அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஒருவழியாக ஏறி உட்கார்ந்தோம். இருக்கை அகலம்தான், ஒத்துக்கொள்கிறேன். முதலில் ஒரு சின்னத் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, இடுக்கியால் எடுத்துக் கொடுத்தாள் பணிப்பெண். யார் யார் முகத்தைத் துடைத்த துண்டோ என்று முகர்ந்து பார்த்தேன். ஏதோ வாசனைத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். எதை மறைக்க வாசனை? மடியிலேயே வைத்துக்கொண்டேன். மேலே போய்ச் சிறிது நேரத்தில் சாப்பாடு வந்தது. மடக்கு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் தட்டை வைத்தாள்.

சைவம்தானே என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாள். நான் சொன்னேனே, சிரிக்கிறவர்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பீங்கான் தட்டில் வெள்ளித் தாள் மூடிய புலாவ். சின்னக் கிண்ணத்தில் குருமா. இன்னொன்றில் தயிர்ச் சோறு. ஒரு பன், வில்லையாக வெண்ணெய், ஒரு துண்டு கேக். கேக்கில் முட்டை இருக்கும் என்பது உலகத்துக்கே தெரியும். சைவத் தட்டில் அது எப்படி வந்து உட்கார்ந்தது? புலாவின் மேல்பக்கம் ஆவி பறந்தது. கரண்டியை உள்ளே விட்டுப் பார்த்தேன். நடுவில் சில்லென்று இருந்தது. எங்கேயோ காலையிலேயே வடித்து, எப்படியோ மேலாகச் சூடு காட்டியிருக்கிறார்கள். எங்கள் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் இப்படி ஒரு சோற்றை வைத்தால் சர்வரைக் கூப்பிட்டு நாலு பேர் கேட்க நாக்கைப் பிடுங்குகிறமாதிரிக் கேட்டிருப்பார்கள். இங்கே பீங்கான் தட்டு எல்லோர் வாயையும் அடைத்துவிட்டது.

ஆனால் என்னுடைய பெரிய கவலை அது இல்லை. இது சோறு. டிக்கெட் அவர்கள் எடுத்தது. டிக்கெட்டோடு சேர்ந்ததுதான் சாப்பாடு. அப்படியானால் இதைச் சாப்பிட்டால் கை நனைத்தது ஆகுமா, ஆகாதா? சமைத்தது அவர்கள் வீட்டு அடுப்பு இல்லை. ஆனால் செலவு அவர்களுடையது. நாளைக்கு நான் வேண்டாம் என்று சொன்னால், ‘எங்க செலவுல சோறு தின்னுட்டு மாத்திப் பேசுதான்’ என்று மேலநீலிதநல்லூர் முழுக்கச் சொல்ல மாட்டார்களா? பிரமாதமான சாப்பாடு என்று அவர் அழைத்ததே இந்தப் பொறிக்குத்தானா? சாப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். வயிறு கத்தியது. கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில் ஓரக்கண்ணால் ஒன்று பார்த்தேன். பெரியவர் தன் தட்டிலிருந்த பன்னையும் வெண்ணெயையும் காகிதக் கைக்குட்டையில் சுற்றி, நைசாகக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். முன்வரிசையில் உட்கார்ந்து பன் திருடுகிற மனிதர்! எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் வந்தது, கலக்கமும் வந்தது. வெளியே இந்தப் பவிசு, உள்ளே இந்தக் கஞ்சத்தனம். என் மகள் அந்த வீட்டில் தலைக்கு எண்ணெய்கூட அளந்துதான் வைக்க வேண்டியிருக்குமோ?

கழிவறைக்குப் போகிற சாக்கில் எழுந்து, திரையை விலக்கிப் பின்னால் போனேன். நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. பின்னால் இருந்தவர்களும் அதே புலாவைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதே குருமா, அதே பன். என்ன, பீங்கானுக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, துணி கிடையாது. இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவர்கள் பாட்டுக்குச் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். ஆகக்கூடி முன்பக்கத்துக்காரர்களுக்கு அதிகமாகக் கிடைத்தது ஒரு தட்டும் ஒரு திரையும். ஊர் திரும்பியதும் மகளிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன்.

வந்து உட்கார்ந்தவன் என் தட்டைப் பார்த்தேன். அது நான் விட்டுவிட்டுப் போன தட்டு இல்லை. புலாவிலிருந்த பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் பொறுக்கி ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தன. பட்டாணியைக் கரண்டியின் முதுகால் நசுக்கியிருந்தது. தயிர்ச் சோறு பருக்கை தெரியாமல் குழையப் பிசைந்திருந்தது. பெரியவர் ஜன்னலைப் பார்த்தபடி, “மணி என்ன ஆவுது, இந்நேரம் எறங்கியிருக்கணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே, அந்தத் தயிர்ச் சோற்றில் அரைக் கரண்டி எடுத்தார். கரண்டி என் வாய்க்கு நேராக வந்தது. அதன் கீழே, சிந்தினால் ஏந்திக்கொள்ள, அவருடைய இடது கை குழித்தபடி கூடவே வந்தது.

இதுவரை எத்தனையோ கைகளைப் பார்த்திருக்கிறேன். பெருவிரலை மையில் வைக்கும்போதே இது பழகிய கையா, நடுங்குகிற கையா என்று எனக்குத் தெரிந்துவிடும். இந்தக் கை பழகிய கை. தினமும், வேளை தவறாமல், இதையே செய்கிற கை.

“யாருக்கு அண்ணாச்சி ஊட்டுதிய?” என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கரண்டியைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். மெதுவாகக் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் ஒளித்துக்கொண்டார். பணிப்பெண் வந்து காப்பியா டீயா என்று கேட்டாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

“எம் பொஞ்சாதிக்கு” என்றார் கடைசியில். “பக்கவாதம். வலது பக்கம் முழுசும் வெளங்கல. பேச்சும் கொழறும். முட்டுவலின்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

“ஏன் சொன்னிய?”

“உண்மையைச் சொன்ன எடத்துல எல்லாம் வேண்டாம்னுட்டாவ அண்ணாச்சி. வீட்டைப் பாக்க வந்தா நீங்களே நேர்ல பாத்துக்கிடுவிய, அப்பச் சொல்லுவோம்னு இருந்தேன்.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இவர்கள் தேடுவது மருமகளையா, படுக்கையில் கிடப்பவருக்கு ஆளையா? வேலைக்குப் போகட்டும் என்று வாய் நிறையச் சொன்னது எதற்கு? என் மகளின் பூரித்த முகம் வேறு நினைவுக்கு வந்தது. விமானத்துக்குள் சத்தம் போட முடியாது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, “அதுக்குத்தான் இந்தப் பிசினஸ் கிளாஸா?” என்று மட்டும் கேட்டேன்.

“அப்படி நெனச்சுட்டியளா? பின்னால எடம் இல்ல. ரயில்ல போயிட்டு வந்தா ரெண்டு ராத்திரி ஆயிடும். அவளை ஒரு ராத்திரிக்கு மேல விட்டுட்டு இருக்க முடியாது. நீங்க வீட்டைப் பாக்கும்போது நானும் இருக்கணும்லா, அதான் உங்களையும் கையோட கூட்டிட்டேன். நேத்துல இருந்து பக்கத்து வீட்டம்மாதான் ஊட்டுதாவ. அவுககிட்ட சரியா வாங்க மாட்டா. அதான் மனசு அங்கனயே கெடக்கு.”

விமானத்துக்கு இருந்த மர்மம் ஒரு வார்த்தையில் போய்விட்டது. என் கோபமும் பாதி இறங்கிவிட்டது. ஆனால் மீதிப் பாதி இன்னொன்றைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் மகன் இருக்கும்போது பக்கத்து வீட்டம்மா எதற்கு ஊட்ட வேண்டும்? அதை நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்ய? நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். பணிப்பெண் வந்து, அவர் பிசைந்த சோற்றை அப்படியே எடுத்துக்கொண்டு போனாள்.

மெட்ராசில் அவர்கள் வீடு துப்புரவாக இருந்தது. விடுமுறை நாள், மகன் வீட்டில்தான் இருந்தான். உள்அறை வாசலில் ஒரு துணித் திரை. பெரியவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தத் திரையை விலக்கி என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாரி முடித்த தலை, நெற்றியில் குங்குமம். பக்கத்தில் ஒரு தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. இடது கையை மட்டும் தூக்கி எனக்கு வணக்கம் சொன்னார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு கைகளையும் கூப்பினேன்.

பெரியவர் சமையலறைக்குப் போய்ப் புதிதாகச் சோறு பிசைந்து கொண்டுவந்தார். நான் எதற்காகக் கதவோரம் நின்றுகொண்டிருக்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தட்டை மகனிடம் நீட்டினார்.

“இன்னைக்கு நீ குடு.”

மகன் தயங்காமல் வாங்கிக்கொண்டான். கெட்ட பையன் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டி நிறையச் சோறு எடுத்து, வலது பக்கமாகக் கொடுத்தான். உணர்வில்லாத பக்கம் அது. சோறு வாய்க்குள் நிற்காமல் வழிந்தது. அவன் இடது கை அவன் தொடையில் சும்மா கிடந்தது. மறுபடி ஒரு கரண்டி கொடுத்தான். அந்த அம்மாளுக்குப் புரையேறிவிட்டது. கண் கலங்க, மகனைத் தாண்டிப் பெரியவரைப் பார்த்தார். அவர் ஓடி வந்து தட்டை வாங்கி, இடது பக்கம் உட்கார்ந்து, அரைக் கரண்டி எடுத்து, கீழே கையைக் குழித்துப் பிடித்தார். சோறு பேசாமல் உள்ளே போயிற்று.

மகன் துண்டை வைத்துக்கொண்டு நின்றான். முகம் சிவந்திருந்தது. என்னிடம் வந்து, சமாதானம் சொல்லுவதுபோல, “அப்பாதான் எப்பவும் பாத்துக்கிடுவாங்க மாமா. எனக்குப் பழக்கம் இல்ல. கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாம் சரியாயிடும்” என்றான்.

அவன் அதைக் கள்ளமில்லாமல்தான் சொன்னான். அதனால்தான் எனக்கு மேலும் பயமாக இருந்தது.

சாப்பிடச் சொன்னார்கள். வழக்கத்தைச் சொல்லி மறுத்துவிட்டு எழுந்தேன். பெரியவர் தெருக்கோடி வரை கூடவே வந்தார். எதுவும் கேட்கவில்லை. ஆட்டோ வந்ததும் கைப்பையைத் திறந்து காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“எங்க வீட்ல நீங்க கை நனைக்க மாட்டியன்னு தெரியும். பிளேன்லயும் ஒண்ணும் தின்னல. இது எங்க வீட்டுச் சோறு இல்ல, பன்னுதான். பலகாரக் கணக்குதான். தின்னா ஒண்ணும் ஆயிடாது.”

நான் திருட்டு என்று நினைத்த பன் அது. நான் சாப்பிட மாட்டேன் என்று, தட்டு வந்த உடனேயே தெரிந்துகொண்டு, எனக்காகத் தன் தட்டிலிருந்து எடுத்துச் சுற்றி வைத்திருக்கிறார். எழும்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்துக்கொண்டு அதைத் தின்றேன். விறைத்துப்போய்க் கடிக்க முடியவில்லை. வெண்ணெய் உருகித் தாளெல்லாம் பிசுபிசுப்பு. முன்பக்கச் சாப்பாட்டில் என் வயிற்றுக்குள் போனது அது ஒன்றுதான். சுற்றி ஆட்கள் இருந்ததால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டேன்.

ஊருக்கு வந்து, மனைவியையும் மகளையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம், நல்ல மனுசனாத்தான் இருக்காவ” என்றாள்.

மகள் கையில் டைப் பேப்பரை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். மெட்ராஸ் வேலை, மெட்ராஸ் வீடு எல்லாம் அந்த மடிப்பில் இருந்தன என்று எனக்குத் தெரியும். பிறகு சொன்னாள்.

“அந்த வீட்ல கட்டிக்கிட லாயக்கான ஆளு ஒருத்தருதாம்ப்பா. அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிட்டு.”

“ஏட்டி, என்ன பேச்சு பேசுத?” என்று அம்மாக்காரி அடிக்கக் கையை ஓங்கினாள். மகள் சிரிக்கவில்லை.

“மாமியாரைப் பாத்துக்கிட மாட்டேன்னு நான் சொல்லல. பெத்த மவனுக்கு எந்தப் பக்கம் ஊட்டணும்னு தெரியல. நான் வந்துட்டா அவனுக்குத் தெரிஞ்சுக்கிடவே வேண்டாம். எனக்கு இந்த எடம் வேண்டாம்ப்பா.” டைப் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, “கடுதாசி போடாதீங்க. நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்க” என்றாள்.

“வேண்டாம்னு சொல்லுததுக்கு மெட்ராஸ் வரைக்கும் யாராவது போவாவளா?” என்றாள் மனைவி.

“பன்னு குடுத்திருக்காருல்லா” என்றாள் மகள்.

அடுத்த வாரம் ரயிலில் போனேன். மனைவி தந்த புற்றுமண் பொட்டலம் சட்டைப் பையில் இருந்தது, இந்தத் தடவை அந்த அம்மாளுக்காக. பெரியவர் கேட்டைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார். கையில் பழத்தட்டு இல்லை, கூட மனைவி இல்லை.

“வேண்டாம்னு சொல்லத்தான வந்திய?”

“ஆமா அண்ணாச்சி.”

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “மத்தவுகல்லாம் கடுதாசி போட்டாவ. சில பேரு அதுவும் போடல” என்றார். பிறகு கேட்டை அகலத் திறந்தார்.

“இனிமே என்ன தடை? அப்பச் சாப்பிடலாம்லா?”

எனக்கு அது தோன்றவே இல்லை. சம்பந்தம் இல்லை என்று ஆனபிறகு கை நனைக்க என்ன தடை? உள்ளே போய் இலை முன்னால் உட்கார்ந்தேன். சோறு, சாம்பார், ஒரு பொரியல், எல்லாம் அவர் கையால் செய்தது. எனக்குப் பரிமாறிவிட்டு, அந்த அம்மாளின் தட்டை எடுத்துக்கொண்டு திரைக்குள் போனார். திரையை இழுத்துவிடவில்லை.

சாம்பாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.